ஆறு எண்ணுவதற்குள் எழுந்தவன்

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

போன வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வந்திருந்தேன். விசா கேன்சல் ஆகிவிட்டது, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், எஞ்சின் புகையைக் கடைசியாக ஒருமுறை மூக்கில் வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் நாற்காலி போட்டீர்கள், கரக் சாயா வாங்கித் தந்தீர்கள், “சீனியர், பசங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க” என்று கேட்டீர்கள். நான் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். கிழவனுக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசிக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை. ஆனால் காரணம் அதுவல்ல.

சாயா குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் இரண்டாவது வளைவில் விழுந்தார். அவர் மண்ணில் உருண்டு நிற்பதற்குள் ஓரத்தில் நின்ற எல்லோரும் சேர்ந்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சத்தமாக எண்ணினீர்கள். ஐந்து சொல்லும்போது அவர் வண்டியை இழுத்துக்கொண்டு பாதைக்கு நடுவே இருக்கும் உள்வட்டத்துக்குள் வந்துவிட்டார். கை தட்டினீர்கள், விசில் அடித்தீர்கள். இந்த எண்ணும் பழக்கத்தை யார் கொண்டுவந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நான்தான் கொண்டுவந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கிளட்சை எப்போது விடுவது, டயரில் எவ்வளவு காற்று, இதெல்லாம் கராஜில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிரேக்கே இல்லாத மோட்டார் பைக்கில் ஆளுக்கொன்றாக நான்கு பேர் ஏறிக்கொண்டு, முட்டை வடிவ மண் பாதையில், எப்போதும் இடது பக்கமே திரும்பி நான்கு சுற்று ஓட்டுகிற கிறுக்கு விளையாட்டு நம்முடையது. இதில் ஒரே ஒரு விதியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். விழுந்தவன் பாதையில் கிடந்தால் சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்துவார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஓட வேண்டும், விழக் காரணமானவனை விட்டுவிட்டு. விழுந்தவன் எழுந்து பாதையை விட்டு விலகிவிட்டால் ஓட்டம் நிற்காது. மற்ற மூன்று பேரும் சுற்றி அதே இடத்துக்கு வர இருபது விநாடிகூட ஆகாது. அணிக்கு இரண்டு பேராக ஓட்டுகிறோம் அல்லவா, கூட்டாளி முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது நீங்கள் விழுந்தால், நீங்கள் எழுந்தால்தான் அவனுக்கு ஜெயம்.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜுக்கு மெக்கானிக் விசாவில் வந்தேன். கராஜ் முதலாளிக்கு, எங்கள் அர்பாபுக்கு, இந்தப் பந்தயப் பைத்தியம் இருந்தது. பாலைவனப் பக்கம் போகும் சாலையில் பழைய கண்டெய்னர்கள் அடுக்கிய யார்டுக்குப் பின்னால் மண் கொட்டி ஓட்டப்பாதை போட்டார். கராஜ் ஆட்களிலேயே தைரியமானவர்களைப் பொறுக்கி ஓட்டச் சொன்னார். வாரம் முழுக்க ஸ்பேனர், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பந்தயம். நம் விசாவில் மெக்கானிக், ஹெல்பர் என்றுதான் இருக்கும், ரேஸர் என்று யாருக்கும் அடித்துத் தரவில்லை. அடிபட்டு மூன்று மாதம் படுத்தால் கராஜ் வேலையும் போச்சு, கலாஸ், ஊருக்கு டிக்கெட் கையில் வந்துவிடும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

என் முதல் பெரிய விழுதலில் தோள்பட்டை எலும்பு முறிந்தது. உள்ளே அது நறநறவென்று அசைவது எனக்கே தெரிந்தது. ஆனால் மேலே மேடையில் குடை நிழலில் அர்பாப் உட்கார்ந்திருந்தார், கூட்டாளி முன்னால் போய்க்கொண்டிருந்தான். எழுந்தேன். ஒற்றைக் கையால் வண்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஜெயித்தோம். அர்பாப் இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் என் நெற்றியில் முத்தமிட்டார். அந்த ஒரு முத்தத்துக்காக இன்னும் நாலு எலும்பை உடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன், அவ்வளவு முட்டாள்.

எங்களுக்கு எஞ்சின் கட்டிக்கொடுத்த பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் இருந்தார். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயரை இதில் எழுத மாட்டேன், என் பெயரோடு சேர்ந்து வர அவர் விரும்ப மாட்டார். அன்று என் ஜாக்கெட்டைக் கத்தரித்துத் திறந்து, வீங்கிய தோளைப் பார்த்தார். பாராட்டுவார் என்று பார்த்தேன். “பேவகூஃப்”, முட்டாள், என்று திட்டிவிட்டுக் கட்டுப் போட்டார். ஊரே மெச்சும்போது இந்த ஆளுக்கு மட்டும் என்ன வயிற்றெரிச்சல் என்று நினைத்தேன். மறுநாள் இடது கையால் ஸ்பேனர் பிடித்து டூட்டி பார்த்தேன்.

வயதாகி முழங்கால் போன பிறகு அர்பாப் என்னை அணித் தலைவனாக்கினார். உள்வட்டத்தில் நின்று ஆட்களை மேய்க்கிற வேலை. என் முதல் வேலையாக எண்ணும் பயிற்சியைக் கொண்டுவந்தேன். வண்டியைச் சாய்த்து விழ வேண்டும், நான் எண்ணுவேன், பத்துக்குள் எழுந்து வண்டியோடு உள்ளே வர வேண்டும். அணியில் நேபாளி இருந்தான், மலையாளி இருந்தான். தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாதவர்கள், ஒன்றிலிருந்து பத்து வரை மட்டும் என்னைவிட அழகாகச் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பயிற்சியில் பைசலை யாரும் மிஞ்ச முடியாது. ராமநாதபுரம் கடற்கரைப் பையன், எங்கள் கராஜில் டிங்கரிங் பார்த்தவன். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். எட்டில் எழுந்தான், பிறகு ஏழில், ஒருநாள் ஆறில் எழுந்து வந்து நின்றான். ஆறுக்குக் கீழே யாரும் வரவில்லை. மஸ்கட்டில் பந்தயத்துக்குப் போனபோது ரூவியில் ஒரு மலிவான ஹோட்டலில் நாலு பேர் ஒரே ரூமில் தங்கினோம். காலையில் எல்லோரும் பரோட்டாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, இவன் கட்டிலிலிருந்து வேண்டுமென்றே தொபுக்கென்று தரையில் விழுந்தான்.

“அண்ணே, எண்ணுங்கண்ணே!”

“ஏலே, கீழ் ரூம்காரன் மேல வந்து அடிப்பான்லே.”

“அவன் ஏறி வர்றதுக்குள்ள எந்திரிச்சிருவேன்ணே. எண்ணுங்க!”

எண்ணினேன். மூன்றில் எழுந்து நின்று சலாம் வைத்தான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

அந்த வருடக் கடைசிப் பந்தயம் நம் மைதானத்திலேயே நடந்தது. இரண்டு வருடமாகக் கோப்பை இல்லை, அர்பாபுக்குச் சலித்துவிட்டது. காலையில் என்னைக் கூப்பிட்டு, “இந்தத் தடவையும் தோத்தா மாஃபி ரேஸ், இனி ரேஸே கிடையாது. வண்டியெல்லாம் வித்துருவேன். எல்லாரும் கராஜைப் பாருங்க” என்றார். அதை என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். பயல்களுக்கு ரோஷம் வரட்டும் என்று அப்படியே போய் ஒப்பித்தேன். பைசல் ஹெல்மெட்டைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“விக்க விட்ருவோமாண்ணே? விழுந்தாலும் எந்திரிச்சிருவோம்ல” என்றான்.

கடைசி ஓட்டம் வரை சமமாக வந்தோம். கடைசியில் நம் பக்கம் நேபாளியும் பைசலும். நேபாளி முதலாவதாக வந்தால் போதும், கோப்பை நமக்கு. கொடி விழுந்ததும் நேபாளி பாய்ந்து முன்னால் போய்விட்டான். பைசல் எதிரணிக்காரர்கள் இருவரையும் மறித்து மறித்துப் பின்னாலேயே வைத்திருந்தான். மூன்றாவது சுற்றில், இரண்டாவது வளைவில், எதிரணிக்காரன் ஒருவனின் முன்சக்கரம் இவன் பின்சக்கரத்தில் உரசியது. பைசல் தூக்கி எறியப்பட்டான். வேலியில் டயர்களுக்கு நடுவே ஓர் இரும்புத் தூண் தெரிந்துகொண்டிருக்கும், அதில் அவன் முதுகு மோதியது. அந்தச் சத்தம் எஞ்சின் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. மோதிய வேகத்தில் பாதையின் உள்ளோரம் வரை உருண்டு வந்து கிடந்தான்.

அவனிடமிருந்து பத்து அடி எடுத்து வைக்கிற தூரத்தில் நான் நின்றேன். அடுத்த சில விநாடிகளைத்தான் நீங்கள் நன்றாகக் கேட்க வேண்டும்.

“ஒண்ணு” என்றது என் வாய். பழக்கத்தில் வந்தது, அதை நான் குற்றம் சொல்லவில்லை. “ரெண்டு” சொன்னபோது அவன் தலையைத் தூக்கினான். அப்பாடா, உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். “மூணு” என்றபோது அவன் வலது கையை எடுத்துத் தன் தொடையைத் தொட்டான். பிறகு தட்டினான். வலிக்கிற இடத்தைப் பிடிக்கிற மாதிரி இல்லை. அங்கே இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. எத்தனை முறிவுகளைப் பார்த்தவன் நான், என் உடம்பிலேயே ஐந்து இருக்கிறது. இது முறிவு இல்லை, வேறு என்னவோ என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

இத்தனை வருடமாக எல்லோரிடமும், “கண்ணுக்குத் தெரியலை, தூசி” என்று சொல்லி வந்தேன். தூசி இல்லை. பார்த்தேன்.

“மத் உட்டாவ்! லேட்டே ரஹ்னே தோ!” என்று பின்னாலிருந்து உஸ்தாத் கத்தினார். எழுப்பாதே, கிடக்கட்டும் என்று. கொடிக்காரர் சிவப்புக் கொடியைப் பாதி தூக்கியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியிருந்தால் போதும், ஓட்டம் நின்றிருக்கும். எதிர்ப்பக்கத்தில் நேபாளி தனியாக முன்னால் பறந்துகொண்டிருந்தான். மறுபடி ஓடினால் அவன் முந்துவானா, யார் கண்டது? மேலே அர்பாப் எழுந்து நின்றுவிட்டார். என் கைகள் இடுப்பிலேயே இருந்தன.

“நாலு” என்றேன், முன்னைவிடச் சத்தமாக. “அஞ்சு. ஆறு. எந்திரி மக்கா!”

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்தான். இரண்டு பேர் ஓடிப்போய் வண்டியை இழுத்தார்கள். அவன் எட்டு அடி நடந்தான், கால்களைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஒன்பது சொல்லும்போது உள்ளே வந்துவிட்டான். சிவப்புக் கொடி இறங்கியது. அவனுக்குப் பின்னால் நேபாளி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வளைவைக் கடந்து போனான். பைசல் என் காலடியில் உட்கார்ந்தான்.

“எத்தனண்ணே?” என்று கேட்டான்.

“ஆறு” என்றேன்.

சிரித்தான். “காலு மரத்துப் போச்சுண்ணே” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, அதே குரலில், “அண்ணே, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியலண்ணே” என்றான். அங்கே கோப்பைக்காக எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் கடற்கரைப் பக்கத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். எக்ஸ்ரே படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“முதுகுல அடிபட்ட ஆள அசைக்கக் கூடாதுன்னு தெரியாதா? இவர ஆரு எழுப்புனது?”

“அவனாவே எந்திரிச்சிட்டான் சிஸ்டர்” என்றேன்.

அவர் படங்களைக் கவரில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். விழுந்தபோதே நரம்பு போயிருக்கலாம், நடந்ததால் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்ல மனிதர், என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பார். எனக்கு உறுதியாகத் தெரியும். அவன் எட்டு அடி நடந்தான். அறுந்த நரம்போடு எவனும் எட்டு அடி நடக்க மாட்டான். அந்த எட்டு அடியில்தான் போயிற்று, அந்த எட்டு அடியை நடக்க வைத்தவன் நான்.

உஸ்தாத் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. மத்தியானம் எல்லோருக்கும் சுலைமானி டீ ஊற்றும்போது என் கிளாஸை மட்டும் தாண்டிப் போவார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். அர்பாப் வண்டிகளை விற்கவில்லை. கோப்பை இன்னும் கராஜ் ஆபீஸில் ஏசிக்குக் கீழே இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன். எண்ணும் பழக்கம் என்னோடு போகவில்லை. நான் இல்லாமலே அது நடந்துகொண்டிருந்தது என்று போன வாரம்தான் தெரிந்தது.

பைசலை ஸ்ட்ரெச்சரில் ஊருக்கு அனுப்பினோம். அடுத்த லீவில் பார்க்கப் போனேன். வீட்டு முன்ரூமில் ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். அவன் உம்மா எனக்கு டீ கொண்டுவந்து தந்து, “நீங்கதான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டியளாம், புள்ள சொல்லிச்சு” என்றார். நான் டீயைக் குடித்தேன். பைசல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “இந்த அண்ணன்தான் எண்ணுனாக. முதுகு ஒடிஞ்சும் ஆறுல எந்திரிச்சேன்டா, கேளு, கேட்டுப் பாரு” என்றான். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா, ஆறு” என்றேன்.

எழுந்து நடக்க முடியாதவனிடம், நீ அன்றைக்கு எழுந்தது ஒன்பதில், எழுந்தே இருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? அவனிடம் மிச்சம் இருந்தது அந்த ஆறு மட்டும்தான். அதையும் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை. இரக்கம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். பயம்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான். கராஜ் கதை, அர்பாப் கதை எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் ஒரே கேள்வி.

“அண்ணே, ஆறு நிக்குதா?”

“நிக்குதுலே.”

“எவனும் தொடலல்ல?”

“எவன் தொடுவான் மக்கா.”

போன வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டான். நான் உங்கள் மைதானத்திலிருந்து திரும்பிய கொஞ்ச நேரத்தில். நீங்கள் “அஞ்சு” என்று கத்தியது அப்போதும் என் காதில் இருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அனுபவஸ்தன் சொல்ல வேண்டியது ஒன்றுதான். விழுந்தால் கிடங்கள். கை, கால், முதுகு எல்லாம் இருக்கிறதா என்று இன்னொருவர் வந்து பார்க்கும்வரை கிடங்கள். கொடி ஏறட்டும், ஓட்டம் நிற்கட்டும், கோப்பை போகட்டும், அர்பாப் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். வேலை போனாலும் நடந்து போய் விமானம் ஏறலாம். விழுந்தவனைப் பார்த்து எண்ணுகிறவன் யாராக இருந்தாலும், அவன் அணித் தலைவனாகவே இருந்தாலும், அவன் வாயைப் பொத்துங்கள். என் வாயை அன்று யாராவது பொத்தியிருக்கலாம்.

நீங்கள் கேட்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நானும் உஸ்தாத் சொன்னதைக் காதில் வாங்கினேன், கேட்கவில்லை. உங்கள் கை தட்டல் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான். அடுத்த வாரம் பைசல் வீட்டுக்குப் போவேன். ஆறு நிற்கிறதா என்று கேட்பான். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தில் எழுந்து வந்த தம்பிக்கு மட்டும் கடைசியாக ஒன்று. எல்லோரும் கை தட்டியபோது நீ இடது தோளைப் பிடித்தாய். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாய். பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாய். நான் பார்த்தேன் தம்பி. பார்த்துவிட்டு, இந்த முறையும் ஒன்றும் சொல்லாமல்தான் எழுந்து போனேன். இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ.